காண்ட்ராஸ்ட்: மாறுபாடா, முரணா?

"படம் பிளாட்டா இருக்கு, கொஞ்சம் காண்ட்ராஸ்ட் ஏத்துங்க" என்று ஸ்டூடியோவில் சொல்வார்கள். படத்தில் வெளுத்த இடத்துக்கும் கறுத்த இடத்துக்கும் உள்ள தூரம் போதவில்லை என்று அர்த்தம். அந்தத் தூரம்தான் காண்ட்ராஸ்ட். இதைப் பிரைட்னஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. படம் முழுவதையும் ஒரே சீராக வெளுக்க வைத்தால் பிரைட்னஸ் கூடும், தூரம் கூடாது.

லத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிராக, 'ஸ்தாரே' என்றால் நிற்பது. எதிர்த்து நிற்றல் என்ற இந்தப் பொருள் இத்தாலிய, பிரெஞ்சு ஓவியர்களிடம் கலைச்சொல்லாகி, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல். பாரிஸின் கோபலன் நெசவாலையில் சாயப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அந்தக் கறுப்பை மங்கடித்தன. 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஆக, காண்ட்ராஸ்ட் ஒரு நிறத்துக்குள் இருப்பதல்ல, இரண்டுக்கும் இடையில் இருப்பது.

நிலக்காட்சிப் படம் எடுப்பவர்களுக்கு இது தினசரித் தொல்லை. தூரத்து மலைக்கும் நமக்கும் நடுவில் உள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிக்கின்றன. அதனால் மலையின் கறுப்பு வெளுத்துச் சாம்பல் நீலமாகிவிடும். உடனே காண்ட்ராஸ்ட் ஸ்லைடரை வலப்பக்கம் இழுக்கத் தோன்றும். அது மலையோடு நிற்காது. 8 பிட் படத்தில் ஒளி அளவு 0 முதல் 255 வரைதான். மேகம் ஏற்கெனவே 245இல் இருந்தால் 255ஐ முட்டி வெறும் வெள்ளையாகும். பாறை இடுக்கு 0இல் விழுந்து கறுப்புத் திட்டாகும். முதலில் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) இறக்கி, ஷேடோஸை (இருண்ட பகுதிகளை) சற்று ஏற்றி, அப்புறம் ஒளி அளவுகளை மாற்றும் கோடான கர்வில் மெல்லிய 'எஸ்' வளைவு போடுவது நல்லது. அதிலும் ஒரு கணக்கு உண்டு: நடு அளவுகளில் தூரத்தைக் கூட்டினால் இரண்டு ஓரங்களிலும் அது குறையும். பனிமூட்டமே அழகாக இருக்கும் படத்தில் இதெல்லாம் எதற்கு? சும்மா விட்டுவிடலாம்.

ஃபிலிமை இருட்டறையில் கழுவிப் பிரதியெடுத்த டார்க்ரூம் காலத்தில் இதே வேலையைப் பிரதி போடும் காகிதம் செய்தது. சாஃப்ட் (காண்ட்ராஸ்ட் குறைவு), ஹார்டு (காண்ட்ராஸ்ட் அதிகம்) என்று கிரேடு பார்த்து வாங்குவார்கள். அமெரிக்க நிலக்காட்சிப் படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலா உதயப் படத்தைப் பாருங்கள். ஆரம்பப் பிரதிகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிந்தைய பிரதிகளில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் மறுபடி பதப்படுத்தி, முன்னால் உள்ள கல்லறைச் சிலுவைகளை எடுப்பாக்கினார். நெகட்டிவ் ஒன்றுதான், ஆனால் எத்தனை வானம்!

கூடவே வரும் சொல் டோன். கிரேக்க மொழியில் 'டோனோஸ்' என்பது இழுத்துக் கட்டுதல், நரம்பின் இறுக்கம். இசைக்குப் போய், பிறகு ஓவியத்துக்கு வந்தது. கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள ஏணியில் ஒரு படிதான் டோன். ஆடம்ஸும் இன்னொரு படக் கலைஞரான ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த, ஒளியைப் படிகளாகப் பிரிக்கும் மண்டல முறையில் (ஸோன் சிஸ்டம்) 0 முதல் 10 வரை பதினொரு படிகள். இதைத் 'தொனி' என்று எழுதுகிறார்கள். தொனி ஒலியைக் குறிக்கும் வடமொழிச் சொல். காதுக்கு ஒன்றுபோல் கேட்பதைத் தவிர வேறு உறவில்லை. 'ஒளிநிலை' என்றால் பார்த்ததும் புரியும்.

சரி, காண்ட்ராஸ்டுக்கு? மென்பொருள்களில் பெரும்பாலும் 'மாறுபாடு' என்று போடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. விலை மாறினாலும் மாறுபாடு, கருத்து வேறானாலும் மாறுபாடு. எதிர்த்து நிற்பது அதில் இல்லை. 'முரண்' என்ற சொல்லில் அது இருக்கிறது. "மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே" என்பது தொல்காப்பியம். செய்யுள் இலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையின் உரையில் முரண் தொடைக்கு (எதிரெதிர்ச் சொல்லோ பொருளோ அடிகளில் வருவது) காட்டும் பாட்டே ஒரு கடற்கரைக் காட்சி: 'இருள்பரந் தன்ன மாநீர்', அடுத்த அடியில் 'நிலவுகுவித் தன்ன வெண்மணல்'. இருட்டைப் பரப்பியது போன்ற கடல், நிலவைக் குவித்தது போன்ற மணல். இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு காண்ட்ராஸ்டுக்குக் கிடைக்குமா தெரியவில்லை.

வெறும் 'முரண்' என்றால் இன்றைக்குச் சண்டை வாடை வீசும். அதனால் 'ஒளிமுரண்' என்று சேர்த்துச் சொல்லலாம். நிறங்களுக்கிடையே என்றால் நிறமுரண். பிளாட்டான படம் ஒளிமுரண் குறைந்த படம். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் உள்ள கிளாரிட்டி, படம் முழுவதையும் பெரிதாகத் தொடாமல் விளிம்புகளை ஒட்டி மட்டும் ஒளிமுரணைக் கூட்டுவது; அதை 'இடஞ்சார் ஒளிமுரண்' என்று எழுதலாம், பேச்சில் கிளாரிட்டி என்றே இருக்கட்டும்.