‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்று தொடங்க வேண்டாம்

சென்ற ஆண்டு ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி எனக்கு எழுதியிருந்தார். “அண்ணா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். இது சின்னப்பிள்ளைத்தனமான கேள்வியாக இருக்கலாம். என் பாட்டி பெயர் லக்ஷ்மி. மூன்று எழுத்துதானே? உங்கள் நிரல் நான்கு என்கிறது.”

பகலில் எனக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரவிலும் வார இறுதியிலும் தமிழ் எழுத்துகளை எண்ணித் தரும் ஒரு சிறு ஓப்பன் சோர்ஸ் (யாரும் மூல வரிகளைப் பார்க்கலாம், திருத்தலாம்) நிரலைப் பராமரிக்கிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. அந்த ஐந்தை மூன்றாக்குவதுதான் என் நிரலின் வேலை. ஆறு வருடமாகப் பார்த்த நிரல்தான், ஆனால் க்ஷ ஒரே எழுத்து என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை க், ஷ என்று இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தது.

எந்தக் கோப்பு, அதில் எந்த ஃபங்ஷன் (நிரலின் சிறு பகுதி), எங்கே தொடங்கலாம் என்று பதில் எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆனது. நான்காம் நாள் அவரே திருத்தி அனுப்பினார். ரிக்ஷா, பக்ஷி என்ற சொற்களையும் சோதனையில் சேர்த்திருந்தார்.

“சம்பளம் இல்லை, முகம் தெரியாத ஆள், எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய்?” என்று காப்பிக்கடையில் நண்பர்கள் கேட்பார்கள். பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். அது பாதிதான். இணையத்தளங்களை இயக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான அப்பாச்சி வெப் சர்வரைப் பயன்படுத்துவோர் இணையத்தில் ஒருவருக்கொருவர் ஏன் உதவுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கரீம் லக்கானியும் எரிக் வான் ஹிப்பலும் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பதில் சொல்பவர்கள் செலவிடும் உழைப்பில் 98 விழுக்காடு அவர்களுடைய சொந்தக் கற்றலுக்கே பயன்படுகிறது என்று கண்டார்கள். மற்றவர்களின் கேள்வி பதில்களைப் படித்துத் தாங்கள் கற்றுக்கொள்ளத்தான் அவர்கள் வருகிறார்கள். வந்த இடத்தில் விடை தெரிந்த கேள்வி கண்ணில் பட்டால் சில நிமிடங்களில் எழுதிவிடுகிறார்கள். என் அனுபவமும் இதுதான். பாட்டி பெயரால் அதிகம் கற்றுக்கொண்டது நான்.

இன்னொரு காரணம் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தது தெரியவந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பல கணினிகளில் இருக்கும் அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒருவரே தனியாகச் சுமந்துவந்தார். அவர் சோர்ந்திருந்த நேரத்தில் உதவுவதாக ஒருவர் வந்தார், இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே நுழைந்தார். இதைப் பார்த்துப் புதியவர்களைச் சந்தேகிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யார் அனுப்பினாலும் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும், சரி. ஆனால் ஒரு மனிதர் தனியாக விடப்பட்டதுதான் அங்கே முதல் ஓட்டை என்பேன். இன்று வழிகாட்டப்படும் பத்துப் பேரில் ஒருவர் நிலைத்தாலும் நாளை சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும்.

அதனால்தான் பல திட்டங்களில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று குறியிட்ட சிறு வேலைகள் இருக்கும். பழகியவருக்கு அது பெரும்பாலும் சில நிமிட வேலை. புதியவர் கைபழகட்டும் என்றே விட்டுவைத்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இதே வரவேற்பு கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்பவர்களும் உண்டு. அங்கே மல்லுக்கட்ட வேண்டாம், வேறு திட்டத்துக்குப் போய்விடுங்கள்.

எனக்குக் கவலை நம் பிள்ளைகளின் தயக்கம்தான். இங்கே சிங்கப்பூரில் அதைப் ‘பைசே’ என்போம். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமோ என்ற கூச்சம். அந்த மாணவி எனக்கு எழுதுவதற்கு முன் மூன்று வாரம் யோசித்தாராம்! அந்த மூன்று வாரமும் என் நிரல் தப்பாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

கேட்கும்போது மன்னிப்பு வேண்டாம், விவரம் வேண்டும். எந்தப் பதிப்பு, எதை ஓட்டினீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது என்று எழுதுங்கள். பிழைச்செய்தியைப் படமெடுத்து ஒட்டாமல் முழுவதும் எழுத்தாகவே ஒட்டுங்கள், அப்போதுதான் தேட முடியும். தனிச்செய்தியாக அனுப்பாமல் பொதுவில் கேட்டால், அதே இடத்தில் மாட்டிக்கொண்ட அடுத்தவருக்கும் உதவும். அப்புறம் ஒரு வாரம் பொறுங்கள். பதில் வராவிட்டால் அங்கேயே ஒரு வரி நினைவூட்டினால் போதும். பராமரிப்பவர் வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.