எக்கோ பெடல் வாங்கப் போகும் கிடார் கலைஞர்களுக்கு

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாள். மயிலாடுதுறைப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றின் கிடார் கலைஞர், கும்பகோணத்தில் நான் பட்டறையைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். கையில், துண்டில் சுற்றிய ஒரு டிலே பெடல், அதாவது கிடார் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் காலடிப் பெட்டி. வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. "நேற்று ஒத்திகையில் சொருகினேன் அண்ணே. கருகிய வாடை வந்தது, அதோடு சரி" என்றார். வீட்டில் இணைய ரவுட்டருக்கு வைத்திருந்த 12 வோல்ட் அடாப்டரைச் சொருகியிருக்கிறார். முனை பொருந்தியது, மின்சாரமும் பொருந்தும் என்று நம்பிவிட்டார்.

திறந்து பார்த்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில் காவலுக்கு வைத்திருந்த டயோடு ஷார்ட் ஆகி, பக்கத்துச் செப்புத் தடமும் கருகியிருந்தது. அந்தச் சின்ன டயோடு தன்னைக் கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றியிருந்தது. டயோடை மாற்றி, தடத்துக்குக் கம்பி பற்றவைத்து, மதியத்துக்குள் கொடுத்தனுப்பினேன். எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. உள்ளே இருக்கும் சில்லு (சிப்) போய்விட்டால், மலிவான பெடல்களுக்கு மாற்றுச் சில்லு தேடிக் கிடைப்பது அரிது. பெடல் போனதுதான்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தஞ்சை, நாகை, திருவாரூர் வட்டாரத்துக் குழுக்களின் கருவிகளைப் பழுது பார்த்துவருகிறேன். அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அந்தக் காலப் பாட்டில் கிடார் ஒலிக்குமே, அப்படி ஒலிக்க வேண்டும். கையில் ஐந்தாயிரம், மிஞ்சினால் எட்டாயிரம்தான் இருக்கிறது. எந்த எக்கோ வாங்கலாம்?" இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சொல்லும் பதிலைக் கேட்டுப் பணத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஓடும் டேப்பில் ஒரு ஹெட் ஒலியைப் பதிக்கிறது. சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு ஹெட் அதைப் படிக்கிறது. டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடி, இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவில் 2 அங்குலம் இருந்தால், 133 மில்லி வினாடி கழித்து எதிரொலி வரும். 1954-இல் மெம்பிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவில் சாம் பிலிப்ஸ் ஆம்பெக்ஸ் டேப் கருவிகளைக் கொண்டு செய்தது அடிப்படையில் இதுதான். பிறகு இதையே மேடைக்குக் கொண்டுபோகும் பெட்டியாக்கினார்கள். லண்டனில் சார்லி வாட்கின்ஸ் 1958-இல் காப்பிகேட் என்ற டேப் எக்கோ பெட்டியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் எக்கோபிளெக்ஸ் வந்தது. இத்தாலியின் பின்சன் நிறுவனம் டேப்புக்குப் பதிலாகச் சுழலும் காந்த உருளையையே வைத்தது. இங்கிலாந்தின் ஷேடோஸ் குழுவில் கிடார் வாசித்த ஹேங்க் மார்வின் 1960 வாக்கில் வாசித்ததும் மியாட்சி என்ற இத்தாலியப் பெட்டியோடுதான். அவரைக் கேட்டு உலகம் முழுக்க இளைஞர்கள் கிடாரோடு எக்கோவையும் சேர்த்தே கேட்டு வாங்கினார்கள். 1974-இல் ரோலண்டின் ஆர்இ-201 மூன்று படிக்கும் ஹெட்டுகளோடு வந்தது.

டேப் இல்லாமலே செய்யும் வழியை 1969-இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் கண்டார்கள். சில்லுக்குள் ஆயிரக்கணக்கான சிறு மின்தேக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒலியின் மின்னழுத்தத்தை ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றுவது. நாற்றங்காலிலிருந்து நடவு வயலுக்கு நாற்று முடிகளைக் கைக்குக் கை மாற்றிக் கொடுப்பார்களே, அதேதான். வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு தாமதம். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சேறும் சில தாள்களும் உதிர்வதுபோல, இங்கேயும் ஒலியின் கூர்மை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. பாஸ் நிறுவனத்தின் டிஎம்-2 இந்த வகைதான். அதிகபட்சத் தாமதம் 300 மில்லி வினாடி.

அந்த உதிர்தல்தான் நீங்கள் தேடும் பழைய ஒலி. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். டேப் எக்கோவிலும் சரி, இந்தச் சில்லிலும் சரி, ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட மங்கித்தான் வரும். டேப் என்றால் ஓட்டத்தில் ஒரு சிறு தள்ளாட்டமும் இருக்கும். நீட்டிப் பிடித்த சுரத்தின் வால் லேசாக நடுங்கும். தாமதமும் குறைவு. நீங்கள் காதில் வைத்திருக்கும் பழைய கிடார் ஒலிகளில் பெரும்பாலானவை 80 முதல் 350 மில்லி வினாடிக்குள் அடங்கிவிடும். இரண்டு வினாடித் தாமதம், பத்து வகை எக்கோ, பதிவுசெய்து திரும்ப வாசிக்கும் லூப்பர் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதில் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. அதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள்.

சோதித்துப் பார்க்க உங்கள் கிடாரையே கொண்டுபோங்கள். எதிரொலி எத்தனை முறை வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ரிப்பீட் குமிழை நடுவில் வைத்து, ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மூன்றாவது எதிரொலி முதலாவதைவிட மங்கி, பின்வாங்கிப் போகிறதா? அப்படியானால் அது உங்கள் பெட்டி. மூன்றாவதும் முதலாவதைப் போலவே பளிச்சென்று கேட்டால், அது நல்ல டிஜிட்டல் டிலேயாக இருக்கலாம், நீங்கள் தேடுவது அது அல்ல. பிறகு பெடலைக் காலால் அணைத்துவிட்டு வெறும் கிடாரைக் கேளுங்கள். பெடல் வழியாக வரும்போது கிடாரின் கூர்மை குறைந்தால் வேண்டாம். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வந்தாலும் வேண்டாம்.

மலிவில் என்ன கிடைக்கும்? தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி உருவாக்கிய பிடி2399 என்ற சில்லைப் பலர் ஏளனமாகப் பேசுவார்கள். கரோக்கி எக்கோவுக்காக வந்த சில்லு, சில பத்து ரூபாய்ப் பொருள், எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு உண்டு. உள்ளே டிஜிட்டல் என்றாலும் எதிரொலி மங்கலாக, கதகதப்பாக வரும். 300 மில்லி வினாடியைத் தாண்டி இழுத்தால் இரைச்சலும் சிதைவும் கூடும்; அதற்குள் வைத்திருந்தால் மேடையில் யாரும் வித்தியாசம் சொல்ல மாட்டார்கள். ஆனால் சென்னை ரிச்சி தெருவில் விற்கும் மைக் எக்கோ போர்டை வாங்கி நேராகக் கிடாரைச் சொருகாதீர்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிடார் பிக்கப்புக்கு எதிரே 10 லட்சம் ஓம் அளவு உள்ளீட்டு மின்தடை இருக்க வேண்டும். மைக் போர்டில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. கிடார் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோலக் கேட்கும். அந்த மின்தடையைத் தரும் ஒரு சிறிய பஃபர் சர்க்யூட்டை முன்னால் வைத்தால் போதும். எந்த நல்ல மெக்கானிக்கும் அரை நாளில் செய்து கொடுப்பார்.

தயாரான பெடலே வேண்டுமென்றால், பெரிங்கரின் விடி400 அந்த நாற்று முடி வகைதான், 300 மில்லி வினாடி வரை போகும். உறை பிளாஸ்டிக் என்பதால் ஓங்கி மிதிக்கக் கூடாது. மூன்று ஹெட் டேப் எக்கோவின் நடை வேண்டுமென்றால் நக்ஸ் நிறுவனத்தின் டேப் கோர் டீலக்ஸைக் கேட்டுப் பாருங்கள். எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி அருமையான பெட்டி, 600 மில்லி வினாடி, நடுக்கத்துக்குத் தனிப் பொத்தானே உண்டு. ஆனால் புதிதாக வாங்கினால் மேலே சொன்ன தொகைக்குள் அடங்காது. பழையது நல்ல நிலையில் வந்தால் யோசிக்கலாம்.

உண்மையான பழைய டேப் எக்கோவை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். திருவாரூர் இளைஞர் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மாமா மூலமாக ஜப்பானில் ஓடிய பழைய டேப் எக்கோ ஒன்றை வரவழைத்தார். ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்த பணம். அந்த நாட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் 230. சொருகிய சில நொடிகளில் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது. அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கும் அன்று வேலை ஓடவில்லை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் இந்த ஆபத்து தீரும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்த ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகவே சுழலும். தாமதம் ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் நீண்டுவிடும். டேப்பை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளை வயதானால் இறுகிப் போகும், அல்லது பிசுபிசுக்கும். டேப் தேய்ந்துகொண்டே இருக்கும். நம் பக்கத்தில் புது டேப் கிடைக்காது. வால்வு வைத்த பெட்டி என்றால் உள்ளே 200, 300 வோல்ட் ஓடும். அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். யூடியூப் பார்த்துவிட்டுத் திறக்காதீர்கள். உயிர் போகும்.

சரியான பெட்டியை வாங்கியும் ஒலி சரியில்லை என்று திரும்பி வருபவர்கள் உண்டு. பாதிப் பேருக்குப் பெட்டியில் குறையே இருக்காது. நம் கச்சேரிகள் பெரும்பாலும் கோயில் திடலில், அறுவடை முடிந்த வயலில், திறந்த வெளியில் நடப்பவை. தெரு முனை வரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 68 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி மேடைக்கு வந்துசேர 200 மில்லி வினாடி ஆகும். அதாவது, நீங்கள் பெடலைத் தொடும் முன்பே திடல் ஓர் எக்கோ போட்டுவிட்டது. அதன்மேல் மிக்சரில் பாடகருக்காகத் திறந்து வைத்த எக்கோ கிடாருக்கும் சேர்ந்து விழுந்தால், மூன்று எதிரொலிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். கச்சேரிக்கு முன்பே மிக்சர் இயக்குபவரிடம் போய், "அண்ணே, கிடார் சேனலில் எக்கோவை மூடிவிடுங்கள், என் பெடலிலேயே இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். திடலில், எதிரொலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் லெவல் குமிழைக் கல்யாண மண்டபத்தில் வைப்பதில் பாதியாக வையுங்கள். தாமதத்தைப் பாட்டின் ஓட்டத்தோடு பொருத்துங்கள்: நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லி வினாடி, அரைத் தட்டு 250. ரிப்பீட்டை முழுக்கத் திருப்பினால் எதிரொலி தானாகப் பெருகிக்கொண்டே போய் ஊளையிடும். அறையில் கேட்க நன்றாக இருக்கும். ஆயிரம் பேர் முன்னால், குழாய் ஸ்பீக்கர்களோடு அதைச் செய்யாதீர்கள். முன்வரிசையில் குழந்தைகள் இருப்பார்கள்.

இனி அடாப்டர். பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடு முனை எதிர்மின். ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை நேர்மின். இரண்டிலும் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிய வளைவும் சேர்ந்த சிறு படம் அச்சிட்டிருக்கும். நடுப் புள்ளியிலிருந்து செல்லும் கோடு கழித்தல் குறியில் முடிகிறதா, கூட்டல் குறியில் முடிகிறதா என்று பாருங்கள். பெடலின் படமும் அடாப்டரின் படமும் ஒன்றாக இருந்தால்தான் சொருகலாம். வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. ஒரே அடாப்டரிலிருந்து வயர் பிரித்து டிஸ்டார்ஷன் பெடலுக்கும் டிஜிட்டல் டிலேக்கும் கொடுத்தால் மெல்லிய விசில் கேட்கும். தனித்தனியாகக் கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஜெனரேட்டரில் ஓடும் கச்சேரிக்கு வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் ரெகுலேட்டட் அடாப்டர் இல்லாமல் போகாதீர்கள். எட்டாயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு நான் சொல்லும் கணக்கு: ஆயிரத்தை அடாப்டருக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் பெடல் தேடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் என் பட்டறையில் கரகரக்கும் ஜாக்குகளும் குமிழ்களும் குவியும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பெடலை மூடி இறுகிய டப்பாவில், நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அது கசிந்தால் உள்ளே இருக்கும் தடங்களை அரித்துவிடும்.

பாபநாசத்திலிருந்து வரும் மூத்த கலைஞர் ஒருவர் இதை என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார். பிடி2399 சில்லில் நான் கட்டிக்கொடுத்த தகரப் பெட்டியைத்தான் ஒன்பது ஆண்டுகளாக வாசிக்கிறார். டைம் குமிழில் 130 மில்லி வினாடிக்கு நேராக நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். அந்தப் புள்ளியிலிருந்து அவர் குமிழை நகர்த்தி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் ஜாக்கைத் துடைத்துத் தரச் சொல்லி வருவார். துடைத்ததும் என் மேசையிலேயே சொருகி, பழைய மெட்டு ஒன்றை முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.