தீவு சிலிக்கு, கடல் அர்ஜென்டினாவுக்கு

வழக்கறிஞர் வேலையோடு சமரச மையத்திலும் பல வருடங்களாக உட்காருகிறேன். வரப்புத் தகராறு என்று வருகிறவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினால், கிணற்றுக்குப் போகிற வழி அடைபட்டுவிடுமோ என்ற பயம்தான் பலமுறை வெளியே வரும். நாடுகளின் எல்லைச் சண்டையிலும் இப்படி ஒரு பயம் இருக்கும் என்பதற்குப் பீகிள் கால்வாய் விவகாரத்தைத்தான் எப்போதும் சொல்வேன்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கிறது அந்தக் கால்வாய். அதன் கிழக்கு வாயிலில் பிக்டன், லென்னாக்ஸ், நுவேவா என்று மூன்று சின்னத் தீவுகள். 1881 எல்லை ஒப்பந்தத்தை அர்ஜென்டினா ஒரு விதமாகவும் சிலி ஒரு விதமாகவும் படித்தன. 1971-இல் இருவரும் சம்மதித்து நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். சர்வதேச நீதிமன்ற நீதிபதிகள் ஐந்து பேர் விசாரித்தார்கள். தீவுகள் மூன்றும் சிலிக்கே என்று 1977-இல் தீர்ப்பு வந்தது.

நடுவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஆனாலும் அது செல்லாது என்று 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அறிவித்தது. டிசம்பரில் படைகளே கிளம்பிவிட்டன.

தீவுகளில் என்ன இருக்கிறது என்பதல்ல அர்ஜென்டினாவின் கவலை. தீவோடு சேர்த்துக் கடலும் போகும், சிலி அட்லாண்டிக் பக்கம் வந்துவிடும் என்று பயந்தது. தீர்ப்பு சொன்னவர்கள்மேல் தப்பில்லை. ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்றுதான் அவர்களிடம் கேட்கப்பட்டது.

போர் மூளவிருந்த நேரத்தில் போப் இரண்டாம் ஜான் பால் தலையிட்டு, கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். அவர் இரண்டு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் போய்ப் பேசினார். படை பலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று 1979 ஜனவரியில் மான்டிவிடியோவில் கையெழுத்தானது. அப்புறம் ஏறக்குறைய ஆறு வருடப் பேச்சு. சமோரே 1983-இல் இறந்துபோனார், முடிவைப் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

1984 நவம்பரில், பேசி எட்டிய சமரசத்தை ஏற்கலாமா என்று அர்ஜென்டினா மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 80 சதவீதத்துக்கு மேல் சம்மதம். அதே மாதம் 29-ஆம் தேதி வாடிகனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் சிலிக்கு, தகராறில் இருந்த கடலில் பெரும்பகுதி அர்ஜென்டினாவுக்கு. அப்படியானால் 1977 தீர்ப்பு வீணா என்று கேட்பார்கள். இல்லை, தீவுகள் யாருக்கு என்ற பகுதி அப்படியே நின்றது. சமரசம் அதன்மேல்தான் கட்டப்பட்டது.

இனித் தகராறு வந்தால் எந்தப் படியில் யாரிடம் போவது என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, இரு நாட்டு எல்லையில் தகராறில் இருந்த இன்னொரு இடமான லகுனா டெல் டெசியர்ட்டோ பகுதி அர்ஜென்டினாவுக்கே என்று இன்னொரு நடுவர் மன்றம் சொன்னது. மறுபரிசீலனை கேட்டுப் பார்த்தது சிலி. அதுவும் தள்ளுபடியானபோது தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.