அதிர்ச்சி அல்ல, அதிர்வு

'ராக்கெட்டின் கட்டமைப்பு அதிர்ச்சிச் சோதனையில் தேறியது' என்ற வரியை ஒரு மொழிபெயர்ப்பில் மறுபடியும் படித்தேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை. அது அதிர்ச்சிச் சோதனை அல்ல, அதிர்வுச் சோதனை. ஆங்கிலத்தில் வைப்ரேஷன் டெஸ்ட்.

வைப்ரேஷன் என்பதன் வேர் லத்தீன். ஆட்டுதல், சுழற்றி வீசுதல் என்று பொருள். நம்மிடம் 'அதிர்' என்ற பழைய வினை இருக்கிறது. 'அதிர வருவதோர் நோய்' என்கிறது குறள் (429). முரசும் அதிரும், நிலமும் அதிரும். முழக்கமும் நடுக்கமும் இந்த ஒரே வினைக்குள் அடங்கும். ராக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. புறப்படும் நொடியில் அதன் உடலை உலுக்குவதில் எஞ்சின்களின் பேரொலிக்கே பெரும் பங்கு உண்டு.

'அதிர்வும் அதிர்ச்சியும் ஒரே வேர்தானே, எதைப் போட்டால் என்ன?' என்று கேட்கிறார்கள். வேர் ஒன்றுதான், விகுதிதான் வேறு. ஆனால் வழக்கு இரண்டையும் எப்போதோ பிரித்துவிட்டது. மின்னதிர்ச்சி என்றால் திடீரென்று விழும் அடி. மீட்டிய கம்பியில் நிகழ்வது அதிர்வு. முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப நடப்பது. கம்பி அதிர்ச்சி அடைகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதிர்ச்சிச் சோதனை என்றே தனியாக ஒரு சோதனை இருக்கிறது. பல ராக்கெட்டுகளில் அடுக்குகள் பிரியும்போது சிறு வெடிபொருள்கள் வெடித்து இணைப்புகளை அறுக்கின்றன. அந்த அடி சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் அதன் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, 10,000 ஹெர்ட்ஸ் வரை போகும், மின்னணுப் பலகைகளைப் பதம் பார்க்கும். கருவிகளுக்கான அதிர்வுச் சோதனையோ பெரும்பாலும் 20 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை, நிமிடக் கணக்கில் நீடிப்பது. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டினால், எதில் தேறியது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

'குலுக்கல் சோதனை' என்பவர்களும் இருக்கிறார்கள். சோதனை எந்திரத்தைக் குலுக்கி என்று அழைக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் முழு ராக்கெட்டை யாரும் குலுக்குவதில்லை. 1967இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில், சுமார் 110 மீட்டர் உயரச் சாட்டர்ன் 5 என்ற நிலவுப் பயண ராக்கெட்டை ஒரு கோபுரத்துக்குள் நிறுத்தி இந்தச் சோதனையைச் செய்தார்கள். இப்படிப்பட்ட சோதனையில் தருவது மெல்லிய உந்துதல்தான். அசைவு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. உடலெங்கும் ஒட்டிய முடுக்கமானிகள் என்ற நுண்ணுணர் கருவிகள்தான் அதைப் பிடிக்கும். தேடுவது இயல்பு அதிர்வெண்ணையும் (உந்திவிட்டால் உடல் தானாக அதிரும் அதிர்வெண்), அப்போது உடல் எங்கே வளைகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்பதையும். வளைவால் உடல் அதிகம் சாயும் இடத்தில், திரும்புவதை உணரும் கருவியான சுழல்காட்டியை வைத்தால், உடல் வளைவதை அது ராக்கெட் திரும்புவதாக எடுத்துக்கொள்ளும். திசையைத் திருப்பும் எஞ்சின் முனை அதைத் திருத்தப்போய், வளைவு இன்னும் பெருகும். இவ்வளவு நுட்பமான அளவீட்டுக்குச் சீட்டுக் குலுக்குவதை நினைவூட்டும் பெயர் பொருந்தவே பொருந்தாது.

'நடுக்கச் சோதனை' தூய தமிழ்தான். ஆனால் நடுக்கம் என்றதும் அச்சமோ குளிரோதான் மனத்தில் வருகிறது. மேலும் அதற்குச் சுற்றம் இல்லை. அதிர்வை எடுத்துக்கொண்டால் அதிர்வெண், ஒத்ததிர்வு, திணிப்பு அதிர்வு எல்லாம் கூடவே வந்துவிடும். பள்ளிப் பாடநூலில் படித்த பிள்ளைக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம். தூய்மையை நான் மதிக்கிறேன். ஆனால் தூய்மை என்று சொல்லி, இருக்கும் குடும்பத்திலிருந்து ஒரு சொல்லைப் பிய்த்தெறிவதை ஏற்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் என்ன நடக்கிறது என்று ஒரு படத்தையாவது பார்த்தவர் அதிர்ச்சி என்று எழுத மாட்டார். அண்மையில் 'அதிர்வுப் பரிசோதனை' என்றும் கண்டேன். முதல் பாதி சரி. ஆனால் பரிசோதனை புதிதாக ஒன்றைக் கண்டறியச் செய்வது. செய்து வைத்த பொருள் எப்படி அதிர்கிறது, தாங்குமா என்று பார்ப்பதற்குச் சோதனை என்றாலே போதும்.