சேறு படிகிறதா, பாருங்கள்

"நுங்கும் நுரையுமா தண்ணி வருது" என்றால் வைகைக் கரையில் சந்தோஷம். 2024 மழைக்காலத்தில் மதுரை அவனியாபுரம் அருகே அயன்பாப்பாக்குடி கண்மாய்த் தண்ணீர் வெள்ளைவெளேரென்று பொங்கிச் சாலைக்கே வந்தபோது யாரும் சந்தோஷப்படவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலையம் இருக்கும் ஊரில் நுரை எப்படி வரும் என்பதுதான் பலரின் கேள்வி.

வெண்நுரைக்குப் பெரும்பாலும் துணி சோப்புத்தூள்தான் காரணம். காற்றோட்டம் இருந்தால் பாக்டீரியா அதை நன்றாகவே தின்றுவிடும், இல்லாவிட்டால் லேசில் தொடாது. வாய்க்காலில் அழுகி நிற்கும் சாக்கடையில் சோப்பு அப்படியே மிச்சமிருக்கும். அது மறுகாலில் விழுந்து தெறிக்கும்போது பொங்கத்தானே செய்யும்?

நிலையத்துக்குள் நடப்பது பள்ளிக்கூடப் பாடம்தான்: கம்பிச் சல்லடை, மணல் பிடிக்கும் தொட்டி, காற்றூதும் தொட்டி, தெளியவிடும் தொட்டி. ஆனால் பாக்டீரியா கழிவைத் தின்பதோடு வேலை முடியவில்லை. தின்ற பாக்டீரியாவைத் தண்ணீரிலிருந்து பிரிக்க வேண்டும். தனி பாக்டீரியா ஒன்று சுமார் 1 மைக்ரான்; அசையாத தண்ணீரிலும் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதை எந்தத் தொட்டி கட்டிப் படியவைப்பது?

தீர்வு அந்த உயிர்களிடமே இருக்கிறது. அவை ஒரு பசையைக் கக்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்புத் திரளைகளாகின்றன. நடுவே இழை பாக்டீரியாக்கள், மண்சுவரில் வைக்கோல் போல, திரளை உடையாமல் பிடித்துக்கொள்கின்றன. அரை மில்லிமீட்டர் திரளை ஒரு மணி நேரத்தில் மீட்டர் கணக்கில் இறங்கிவிடும். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் பாட்டிலில் சாக்கடைக்குக் காற்றூதி, அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் அடுத்தடுத்த சாக்கடைக்கும் வைத்துக்கொண்டார்கள். படிகிற உயிர்கள் தங்கின, படியாதவை வெளியேறின. இன்றைய நிலையங்கள் அந்தப் பாட்டிலின் பெரிய வடிவம்தான்.

வைக்கோல் கூடினாலும் சுவர் நிற்காது. மின்கட்டணத்துக்குப் பயந்து ராத்திரி ப்ளோயரை, அதாவது காற்றூதும் இயந்திரத்தை, அணைத்தால், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் வெகுவாகக் கீழே போகும். திரளையின் உள்ளே மூச்சு முட்டும். வெளியே நீண்டு எட்டிப்பிடிக்கக்கூடிய இழைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். பிறகு திரளைகள், வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள்ளைப் போல, ஒன்றின்மேல் ஒன்று அமராமல் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொண்டு தொட்டி முழுக்க நிற்கும். வழிகிற தண்ணீரோடு கசடும் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு லிட்டர் ஜாடி போதும். காற்றுத் தொட்டியின் கடைசிமுனையில் மொண்டு, நிழலில் ஆட்டாமல் 30 நிமிடம் வையுங்கள். கசடு 300 மில்லியில் நின்று, எம்.எல்.எஸ்.எஸ்., அதாவது அந்தத் தண்ணீரில் மிதக்கும் கசடின் உலர் எடை, லிட்டருக்கு 3 கிராம் என்றால், ஒரு கிராம் கசடு 100 மில்லி இடம் பிடிக்கிறது, நல்ல சேறு. அதுவே கிராமுக்கு 150 மில்லியைத் தாண்டினால் இழைகள் பெருகுகின்றன என்று சந்தேகப்படலாம். நன்றாகப் படிந்த சேறு ஒரு மணி நேரம் கழித்துக் கட்டிகட்டியாக மேலே மிதந்தால், "ஸ்லட்ஜ் செத்துப்போச்சு" என்று பதறாதீர்கள். அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, நைட்ரேட்டிலிருந்து வந்த நைட்ரஜன் குமிழி அதைத் தூக்குகிறது. தெளிவுத் தொட்டியின் அடிக்கசடைச் சீக்கிரம் இறைத்தால் சரியாகும்.

தொட்டியின் மேல் சாக்லேட் நிறத்தில் தடித்த நுரை நின்றால் அது சோப்பு அல்ல. மெழுகுத்தோல் போர்த்திய இன்னொரு இழைக்கூட்டம். தண்ணீர் பீய்ச்சினாலும் கலையாது. வழித்து வெளியே எடுக்க வேண்டும். திரும்பத் தொட்டியிலேயே விட்டால் விதை போட்ட மாதிரி. கூடவே பழைய கசடை அதிகமாகக் கழித்துவிட வேண்டும். நுரையடக்கி மருந்து ஊற்றுவது காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உடைப்பது போல.

கிலோ கணக்கில் "பாக்டீரியா பவுடர்" வாங்கிக் கொட்டும் வழக்கத்துக்கும் மந்திரித்துவிடுவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ப்ளோயர் நின்றிருந்தால் எந்தப் பவுடரும் பிழைக்காது. கோடிக்கணக்கில் நிலையம் கட்டுகிறவர்கள் ஒரு மைக்ராஸ்கோப்புக்கும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரின் சம்பளத்துக்கும் தாராளமாக ஒதுக்கலாம்.

ஜாடிச் சோதனைக்கு ஒல்லியான அளவு உருளை மட்டும் வேண்டாம். சுவரில் உரசிக் கசடு மெதுவாக இறங்கும். நல்ல சேறும் கெட்டதாகத் தெரியும். வாயகன்ற ஊறுகாய் ஜாடியில் நூறு நூறு மில்லியாக ஊற்றிக் கோடு போட்டுக்கொண்டால் அதுவே மேல்.