ஒரே நிரலகம், இரண்டு பதிப்புகள்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் பணியாற்றிய மென்பொருள் குழு ஒன்றில், அறிக்கைத் தொகுதியை ஒருவரும் கட்டணத் தொகுதியை மற்றொருவரும் எழுதி வந்தனர். இரண்டும் தனித்தனியே சோதனையில் தேறின. சேர்த்து இயக்கியபோதோ, ரசீது உருவாக வேண்டிய இடத்தில் ‘நோ சச் மெத்தட் எரர்’ (அழைத்த செயல்கூறு இல்லை) என்ற செய்தியுடன் நிரல் நின்றுவிட்டது. இருவர் எழுதியதிலும் பிழையில்லை என்பது தெரியவே ஒரு நாள் பிடித்தது.

அறிக்கைத் தொகுதி, தேதிகளைக் கையாளும் ஒரு நிரலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) 2.3 பதிப்பை நேரடியாகக் கேட்டிருந்தது. கட்டணத் தொகுதி பிடிஎஃப் தயாரிக்கும் வேறொரு நிரலகத்தைக் கேட்க, அது தன் பங்குக்கு அதே தேதி நிரலகத்தின் 3.0 பதிப்பைக் கேட்டிருந்தது. சாதாரண ஜாவா செயலியில் ஒரு வகுப்பின், அதாவது நிரலின் ஓர் அலகின், ஒரு வடிவந்தான் ஏற்றப்படும் என்பதால், இரண்டில் ஒன்று விலகியாக வேண்டும். எது விலகுவது என்பதை, நிரலகங்களைத் திரட்டி நிரலைக் கட்டமைக்கும் கருவியே தீர்மானிக்கிறது; கிரேடில், மேவன் இரண்டும் அத்தகையவை. கிரேடில் வழக்கமாக உயர்ந்த எண்ணை எடுக்கும். மேவன், எது எதைக் கேட்கிறது என்று காட்டும் சார்பு மரத்தில் வேருக்கு மிக அருகில் இருப்பதை எடுக்கும்; தொலைவு சமமானால் முதலில் எழுதப்பட்டதை எடுக்கும். நாங்கள் பயன்படுத்தியது மேவன். அறிக்கைத் தொகுதியின் 2.3 ஒரு படி அருகில் இருந்ததால் அதுவே நிலைத்தது, 3.0-இல் மட்டும் இருந்த செயல்கூறு இல்லாமற்போனது. புதியதுதான் வெல்லும் என்று நாங்களாகவே நம்பியிருந்தோம்.

மேவனின் சார்பு மரத்தை விரிவாக அச்சிட்டுப் பார்த்தால், கைவிடப்பட்ட பதிப்பின் அருகில் ‘ஒமிட்டட் ஃபார் கான்ஃப்ளிக்ட்’ (முரண்பாட்டால் விடப்பட்டது) என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியை முதலிலேயே தேடியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

தீர்வு எளிது. எல்லாத் தொகுதிகளுக்கும் பொதுவான தாய்க் கோப்பின் ‘டிபென்டென்சி மேனேஜ்மென்ட்’ பகுதியில் பதிப்பு எண்ணை ஒருமுறை எழுதிவிட்டு, மற்றத் தொகுதிகளிலிருந்து எண்ணை நீக்கிவிட வேண்டும். மறைமுகமாக வரும் நிரலகங்களையும் அந்த எண் கட்டுப்படுத்தும். உழைப்பு வேறிடத்தில் இருக்கிறது: முதல் எண் 2-லிருந்து 3-க்கு மாறுவது, பழைய நிரல் உடையக்கூடும் என்பதற்கான வழக்கமான எச்சரிக்கை, ஆகவே அறிக்கைத் தொகுதியைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பின்னர் விதிகளைச் சரிபார்க்கும் மேவனின் ‘என்ஃபோர்சர்’ செருகுநிரலில் பதிப்பு ஒருமைப்பாட்டு விதியைச் சேர்த்தோம். பதிப்புகள் முரண்பட்டால் நிரலைக் கட்டமைக்கும் பணியே தோல்வியடையும்.

குழுவுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும் தொகுதிகளின் சிக்கல் வேறு. பினாங்கில் நான் காலையில் பொதுச் சேமிப்பகத்தில் ஏற்றிய ‘ஸ்னாப்ஷாட்’ (இன்னும் முடிவாகாத) பதிப்பு, கோலாலம்பூர் அலுவலகத்தில் இருந்த தம்பிக்கு மாலைவரை போய்ச் சேரவில்லை. “அண்ணே, நீங்கள் சொன்ன திருத்தம் இங்கே இல்லையே” என்றார். ஸ்னாப்ஷாட்டின் எண் மாறாது, உள்ளடக்கம் மட்டும் மாறும். மேவனோ இயல்பாக நாளுக்கு ஒருமுறைதான் புதியது உண்டா என்று சேமிப்பகத்தைக் கேட்கும். கட்டளையுடன் ‘-யூ’ சேர்த்தால் உடனே கேட்கும். அன்றாட வேலைக்கு அது போதும். ஆனால் வாடிக்கையாளருக்குப் போகும் வெளியீட்டில் ஸ்னாப்ஷாட் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். அதைக் காக்கவும் என்ஃபோர்சரில் தனி விதி இருக்கிறது.