ஓரம்: ‘பாரபட்சம்’ என்பதற்கு நம் சொல்

‘பாரபட்சம்’ என்பதில் உள்ள ‘பட்சம்’ வடசொல். பக்கம், சிறகு என்று பொருள். தமிழில் இப்போது ‘ஒருசார்பு’ என்று எழுதுகிறோம். சரிதான், ஆனால் அதைவிடப் பழகிய சொல் ‘ஓரம்’. ‘ஓரம் சொல்லேல்’ என்கிறது ஆத்திசூடி: வழக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசாதே. வீட்டுப் பேச்சில் அது ‘ஓரவஞ்சனை’யாக இன்றும் புழங்குகிறது. தராசை வைத்து இதையே ‘ஒருபால் கோடாமை’ என்கிறது குறள் 118. கோடுதல் என்றால் வளைதல்.

ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறதோ என்று சந்தேகம் வரும்போது இந்த ஓரம் நம்மை இரண்டு விதமாகச் சாய்க்கிறது. காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டுப் பிள்ளை உடம்பில் காயம் என்றால், “நம்ம வளவுக்குள்ள அப்படியெல்லாம் நடக்குமா ஆச்சி?” என்று பேச்சு முடிந்துவிடும். அதே காயம் கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளை உடம்பில் இருந்தால், விசாரிக்கும் முன்பே தகப்பன் குற்றவாளி. இரண்டு இடத்திலும் குழந்தையை விட்டுவிட்டுக் குடும்பத்தைத்தான் எடைபோடுகிறோம்.

ஒரு வழக்கம் தெரியாததாலும் தவறாக எண்ணிவிடுவது உண்டு. காரைக்குடிப் பக்கத்து வணிகச் சமூகமான நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன ஊர்களில் வியட்நாமின் சைகோனும் ஒன்று. அந்த நாட்டில் காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகில் தைலம் தடவி நாணயத்தால் தேய்ப்பார்கள், சிவந்த கோடுகள் விழும். அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் அதைப் பார்த்த மருத்துவர்கள் அடித்த தழும்பு என்று எண்ணியது உண்டு. நம் குழந்தைகளின் இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டும் அறியாதவர் கண்ணுக்குக் கன்றிய காயம்தான். ஆனால் நோய்க்கு என்று கைக்குழந்தைக்குச் சூடு போடுவதை ‘எங்கள் வழக்கம்’ என்று விட முடியாது. அது தீக்காயம், குழந்தைக்கு வலிக்கிறது.

பாலியல் குற்றத்தில் சட்டம் இன்னும் தெளிவு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம், பிரிவு 19: நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். நிரூபிப்பது சொல்கிறவர் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கும் வராது. சொல்லாமல் மறைத்தால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பங்காளிகள் கூடிப் பேசி முடித்தாலும் அந்தக் கடமை தீராது. ஸ்டேஷனுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசலாம், அதற்குக் கட்டணம் இல்லை.